பூமிக்குள் நிலக்கரி உண்டாகும் விதம்

கிணறு வெட்டும்பொழுது கரிய களிமண்ணோ கரிய கல்லோ தட்டுப்படுவது தாமல் முதலிய ஊர்களின் குடியானவர்களுக்குப் புதுமையன்று. அவ்வாறு தட்டுப்பட்டவுடன், ‘இது நிலக்கரியாக இருக்குமோ?’ என்னும் எண்ணம் எழுவதும் இயல்பே. நெய்வேலியில் ஒரு நிலச்சுவான்தாருடைய பூமியில் ஊற்றுக் கிணறு இறக்கியபொழுதன்றோ கரி வெளிப்பட்டது! ஆயின், அந்த ஆசையினால் மேலும் பல அடி ஆழம் வெட்டுவதற்குக் கடன் கேட்டு ஒருவர் மனுச் செய்துகொண்டால், பஞ்சாயத்தார் அம்மனுவை எவ்வாறு ஆலோசிப்பது? சங்கத்தின் கடன்பணம் அங்கத்தினர் எல்லோருடைய பணமுமாகும். நிலக்கரி எவ்விதம் உண்டாகிறது, எவ்விதமான பூமியில் இருக்கும், எதில் இராது என்பவைகளை அறிந்தவர்களுக்கு இக்கேள்விக்கு விடை கூறுவது கஷ்டமன்று.

நிலக்கரியைக் ‘கல்’ என்றும் சிலர் வழங்குவதனால், அதுவும் கருங்கல்லைப்போல் பூமியுடன் கூடப் பிறந்த வஸ்து என்று பலர் எண்ணியிருக்கிறார்கள். அது சரியன்று. நிலக்கரி முழுவதும் ஒரு காலத்தில் மரமாகவும், செடியாகவும், இலையாகவும், புல்லாகவும் இருந்ததேயாகும். அதனைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்ப்பவர்கள் இலையின் மேல்தோலையும், மரத்தின் நாரையும், பூந்தாதையும் இன்றும் அதில் காண்கிறார்கள்.

பச்சைச் செடியானது காற்றிலுள்ள கரியமிலவாயுவை இலைகளின் வழியாகவும், ஜலத்தை வேர்களின் வழியாகவும் கிரகித்து, சூரிய வெளிச்சத்தின் பலத்தினால் அவற்றைச் சேர்த்து மரமும் நாருமாகத் தன் சரீரத்தைக் கட்டிக்கொள்கிறது. பட்டு நூலைச் சவுக்கார நீரில் வேகவைக்கும் அடுப்பில் நாம் விறகை எரிக்கும்பொழுது நடப்பது இதற்கு நேர்மாறான காரியம். விறகிலுள்ள கரி காற்றிலுள்ள பிராணவாயுவுடன் கூடி மீண்டும் கரியமிலவாயுவாகிறது. அடைபட்டிருந்த சூரிய சக்தி உஷ்ணமாக வெளிப்படுகிறது. எரு மேட்டில் தழை மக்குவதும் இத்தகைய எரிதலேதான். ஆனால் சுவாலை இல்லாமல், கண்ணுக்குத் தெரியாத கிருமிகளின் உதவியால் மெதுவாக நடக்கிறது. மக்கிய எருவிற்குள் கையை விட்டுப் பார்த்தவர்கள் அதன் சூட்டை அறிவார்கள். ஆகையால் காட்டில் விழுந்த மரம் ஒன்று, யாரும் அதைத் தீயிலிடாவிட்டாலும், சில வருஷங்களில் எரிந்துபோனதற்குச் சமானமாகக் காற்றில் கலந்துவிடுகிறது. கோடானுகோடி மரங்கள் இவ்வாறே மறைந்தன. அவற்றினின்றும் நிலக்கரி உண்டாகவில்லை.

காற்று புகாமல் தடுத்தால்தான் கரி மிஞ்சும். அத்தடையைச் செய்வது தேங்கிய ஜலம். கோடையில் ஏரி வற்றும் சமயம், கரையோரத்துக் கோரைகளின் நடுவே சேற்றில் காலை வைத்துப் பாருங்கள். மேற்புறம் பழுப்பாயிருக்கும் சேறு, ஒரு சாண் ஆழத்தில் கன்னங்கரேலென்று இருக்கும், நாற்றமும் வீசும், குமிழிகள் எழும். வருஷா வருஷம் விழுந்த கோரையும் இலையும் அங்கே பாதி மக்கியும் மக்காமலும் கிடக்கின்றன. பிராணவாயு அங்கே எட்டாதபடியால் கிருமிகள் தங்கள் வேலையை முடிக்கவில்லை. எழுகின்ற குமிழிகளிலிருப்பது மீதேன் என்னும் சதுப்பு வாயு. ஆழமான நிலக்கரிச் சுரங்கங்களில் தீப்பற்றி வெடித்து ஆட்களை மாய்க்கும் வாயுவும் அதுவே. தாமல் ஏரியின் சேற்றிலும், தொலைதூரத்துச் சுரங்கத்திலும் ஒரே வாயு இருப்பது தற்செயலன்று. இரண்டும் ஒரே தொழிலின் ஆரம்பமும் தொடர்ச்சியுமாம்.

ஆனால் ஏரிச்சேறு நிலக்கரி ஆகாது. குடியானவர்கள் அதனை வண்டியில் ஏற்றி வயலுக்கு அடித்துவிடுவார்கள். அல்லது ஏரி வற்றிக் காற்றுப் பட்டு அது மக்கிவிடும். அன்றியும், மழைக்காலத்து வெள்ளம் கொண்டுவரும் வண்டல் தழையைவிட அதிகம். நிலக்கரி உண்டாக வேண்டுமானால், தாவரங்கள் அடர்ந்த சதுப்பு நிலம் ஆயிரக்கணக்கான வருஷங்கள் வற்றாமலிருக்க வேண்டும். மண் அதிகம் வந்து கலக்கக்கூடாது. இவையிரண்டையும்விட அபூர்வமான சம்பவம் ஒன்று உண்டு. தழை மேலே சேரச் சேர அடிநிலமும் அதே வேகத்தில் மெள்ள மெள்ளக் கீழே அமிழ வேண்டும். நிலம் அமிழாவிட்டால் தழை ஜலமட்டத்திற்கு மேலே வந்து மக்கிப்போகும். விரைவாக அமிழ்ந்தால் ஜலம் ஆழமாகி மரங்களே முளைக்கமாட்டா. தராசின் இரண்டு தட்டுகளும் சமமாய் நின்றாற்போல இது நெடுங்காலம் நிகழ்ந்த இடங்கள் உலகத்தில் சிலவேயாம்.

இவ்விதம் சேர்ந்த தழைப்படுகைக்குப் பீட் என்று பெயர். அதைக் காண வெளிநாடு செல்லவேண்டியதில்லை. நமது நீலகிரி மலையின் உச்சிப் பள்ளத்தாக்குகளிலுள்ள புல்வெளிச் சதுப்புகளில் பீட் இருக்கிறது. குளிரும் ஈரமும் அங்கே தழையை மக்கவொட்டாமல் காப்பாற்றுகின்றன. அப்படுகைகளின் அடிப்பாகம் பல பதினாயிரம் வருஷங்களுக்கு முற்பட்டதென்று கண்டு, அக்காலத்து மழையும் குளிரும் எவ்வாறிருந்தன என்பதை விஞ்ஞானிகள் அதிலிருந்து கணித்திருக்கிறார்கள்.

ஏறத்தாழ ஒரு வருஷத்திற்கு ஒரு மில்லிமீட்டர் கனம் என்ற அளவில் பீட் வளரும். ஒரு மீட்டர் கனத்திற்கு ஆயிரம் வருஷம். பின்னர் அதன்மேல் ஆறோ கடலோ மணலும் களிமண்ணும் கொண்டுவந்து மூடுகிறது. பாரத்தினால் ஜலம் பிழியப்படுகிறது. ஆழத்திற்குச் செல்லச் செல்லப் பூமியின் உஷ்ணம் அதிகமாதலால், தழையிலிருந்த பிராணவாயுவும் ஜலவாயுவும் சிறிது சிறிதாகப் பிரிந்து போகின்றன, கரி மிஞ்சுகிறது. உலர்ந்த மரத்தில் பாதிப் பங்கு கரி. பழுப்பு நிலக்கரியில், ஜலத்தையும் சாம்பலையும் கழித்துப் பார்த்தால், ஏறக்குறைய 100-க்கு 70 பங்கு. சாதாரணக் கறுப்பு நிலக்கரியில் 80 முதல் 90 வரை. ஆந்தரஸைட் என்னும் கெட்டிக் கரியில் 90-க்கும் மேல். ஒரே பண்டத்தைச் சிறிது நேரம் அடுப்பில் வைத்ததற்கும் நெடுநேரம் வைத்ததற்கும் உள்ள பேதமே இது. இந்த அடுப்பில் ஒரு நாழிகை என்பது நமக்குப் பல லக்ஷம் வருஷம்.

இவ்விடத்தில் திருவக்கரையைப் பற்றிக் கூறுவது பொருத்தமாகும். விழுப்புரம் ஜில்லாவிலுள்ள அக்கிராமத்தில் பெரிய பெரிய அடிமரங்கள் கல்லாய்க் கிடக்கின்றன. ஸொன்னெரா என்னும் பிரெஞ்சுக்காரர் 1781-ஆம் வருஷத்திலேயே அவற்றைக் குறித்து எழுதினார். மரத்தின் வளையங்களும் கணுக்களும் தெளிவாய்த் தெரியும். தட்டினால் கல்லின் ஓசை கேட்கும். அம்மரங்கள் ஏன் கரியாகவில்லை? அவை சதுப்பில் விழவில்லை. ஆற்று வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு மணலில் புதைந்தன. மணலினூடே ஊறிய ஜலத்தில் கரைந்திருந்த மணற்சத்து மரத்தின் துவாரங்களில் புகுந்து, நாருக்குப் பதிலாகக் கல்லை நிறுத்திவிட்டது. ஆகவே, வெளியில் விழுந்த மரம் காற்றாகிறது, ஆற்று மணலில் புதைந்த மரம் சில இடங்களில் கல்லாகிறது, சதுப்பில் அமிழ்ந்த மரமே கரியாகிறது. மரத்தின் ஜாதி இதற்குக் காரணமன்று. அது விழுந்த இடமே காரணம்.

இந்தியாவின் நிலக்கரியில் மிகப் பெரும்பங்கு ஏறக்குறைய 30 கோடி முதல் 25 கோடி வருஷங்களுக்கு முன் உண்டானது. அப்பொழுது நமது நாடு ஆசியாவுடன் ஒட்டியிருக்கவில்லை. ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, தென் அமெரிக்கா, தென் துருவக் கண்டம் ஆகியவற்றுடன் ஒரே நிலப்பரப்பாகத் தெற்கே இருந்தது. கோண்டு ஜனங்கள் வாழும் நாட்டுப் பாறைகளைக் கண்டு, அப்பாறைகளுக்கும் பின்னர் அந்தப் பெருங்கண்டத்திற்கும் கோண்ட்வானா என்று பெயரிட்டார்கள். நாக்கைப் போன்ற இலையையுடைய குளோஸாப்டெரிஸ் என்னும் மரம் அக்காலச் சதுப்புகளில் மண்டியிருந்தது. அதன் இலையின் அச்சு நமது ராணிகஞ்சு, ஜாரியா சுரங்கங்களிலும் இருக்கிறது. மேற்கூறிய தேசங்கள் யாவற்றிலும் இருக்கிறது. 1912-ஆம் வருஷத்தில் தென் துருவத்தை எட்டித் திரும்பும் வழியில் மாண்ட காப்டன் ஸ்காட்டின் கோஷ்டியார், பசியாலும் குளிராலும் வாடிய நிலையிலும் சுமார் 16 கிலோ கற்களைச் சுமந்து வந்தார்கள். அவற்றிலும் இவ்விலை பதிந்திருந்தது. இன்று புல்லும் முளையாத பனிப்பாழில் ஒரு காலத்தில் காடு இருந்ததற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

கோண்ட்வானாக் கரிப்படுகைகள் பெரும்பாலும் ஆற்றுப் பள்ளத்தாக்குகளை ஒட்டியவை. தாமோதர் நதிப் பிரதேசம், மகாநதிப் பிரதேசம், கோதாவரிப் பிரதேசம் என இவை நீண்டு கிடக்கின்றன. நமக்குக் கிட்டியது கோதாவரியோரத்துச் சிங்கரேணி. 1871-ஆம் வருஷத்தில் எல்லந்து என்னும் ஊருக்கருகே அங்குக் கரியிருப்பதைக் கண்டவர் புவியியல் இலாகாவைச் சேர்ந்த வில்லியம் கிங் என்பவர். இவரே 1863-இல் புரூஸ் புட் துரையுடன் சேர்ந்து, காஞ்சிபுரத்திற்கு வடக்கே அதிரம்பாக்கத்தில் ஆதிமனிதரின் கல்லாயுதங்களைக் கண்டெடுத்தவர். கற்களைப் பார்ப்பதில் பழகிய கண்ணுக்கு இரண்டும் அகப்பட்டன போலும்.

சிங்கரேணி மட்டும் வந்த கரி நமது பிரதேசத்திற்கு ஏன் வரவில்லை? காஞ்சிபுரம் ஜில்லாவின் பெரும்பகுதியில் மண்ணுக்கடியிலிருக்கும் கெட்டிப் பாறைகள் மிகப் பழமையானவை. பல்லாவரம், பரங்கிமலை ஆகிய இடங்களிலுள்ள சார்னோக்கைட் என்னும் நீலக் கருங்கல் ஏறக்குறைய 250 கோடி வருஷங்களுக்கு முன்பு பூமியின் ஆழத்தில் கடும் உஷ்ணத்தில் உருவானது. தரையில் செடி முளைக்கத் தொடங்கியதே 50 கோடி வருஷத்திற்குள்தான். காடு என்று சொல்லத்தக்கது உண்டாகி 40 கோடி வருஷமும் ஆகவில்லை. செடியே இல்லாத காலத்துப் பாறையில் செடியின் கரி எவ்வாறிருக்கும்? ஆதலால் கிணற்றில் கருங்கல் பாறை தட்டிவிட்டதென்றால், அதற்குக் கீழே எத்தனை ஆழம் வெடி வைத்தாலும் நிலக்கரி கிடையாது. இதில் சந்தேகத்திற்கு இடமேயில்லை.

பாறை முழுவதும் அவ்வளவு பழமையானது என்றும் சொல்வதற்கில்லை. ஸ்ரீபெரும்புதூரைச் சார்ந்த இடங்களில், கருங்கல்லின்மேல் வெண்மையான களிப்பாறையும் மணற்பாறையும் படிந்திருக்கின்றன. இவையும் கோண்ட்வானா வரிசையின் மேற்பகுதியைச் சேர்ந்தவையே. வயது சுமார் 12, 13 கோடி வருஷம். இப்பாறைகளைப் பிளந்தால், ஈந்தின் சாயலையுடைய பழங்காலச் செடிகளின் இலைகள் எழுதி வைத்ததுபோல் பதிந்திருப்பதைக் காணலாம். இலையிருந்தும் கரி இல்லை. காரணம், அவ்விலைகளுடன் கடற்பிராணிகளின் ஓடுகளும் இருக்கின்றன. கரையிலிருந்த செடிகளின் இலைகள் ஆழமற்ற கடலில் உதிர்ந்து, சேற்றில் ஒவ்வொன்றாய்ப் படிந்தன. அங்கே காடு நின்ற இடத்திலேயே விழுந்து குவியவில்லை. சேறு அதிகம், தழை கொஞ்சம். சுரங்கம் வைக்கத்தக்க கரிப்படுகை உண்டாவதற்கு வேண்டிய தராசு அங்கே சமமாகவில்லை.

நெய்வேலியின் சரித்திரம் வேறு. அங்குள்ள கரி கோண்ட்வானாக் கரியைவிட மிக இளையது. அதன் வயதைப்பற்றி ஆராய்ச்சியாளர்களுக்குள் அபிப்பிராய பேதமிருப்பினும், அது 6 கோடி வருஷத்திற்கு உட்பட்டதென்பதில் விவாதமில்லை. வங்காள விரிகுடாவின் பழைய கரையோரத்தில், இன்றைய பிச்சாவரத்துச் சதுப்பை நினைவூட்டும் தாழ்நிலக் காடுகள் நெடுங்காலம் நின்று, விழுந்து, அமிழ்ந்தன. 1930-களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் என்பவருடைய நிலத்தில் ஊற்றுக் கிணறு இறக்கியபொழுது கரிய பொருள் ஜலத்துடன் மேலே வந்தது. 1943 முதல் 1946 வரை புவியியல் இலாகாவினர் துளைபோட்டுப் பார்த்தனர். 1956 நவம்பரில் நெய்வேலி நிறுவனம் ஸ்தாபிக்கப்பட்டது. 1957 மே மாதம் 20-ஆம் தேதி பிரதம மந்திரி ஜவஹர்லால் நேரு சுரங்க வேலையைத் துவக்கி வைத்தார். 1961-இல் கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962-இல் மின்சாரம் பிறந்தது. முதலியாருடைய நிலத்தில் கரி தென்பட்டதற்கும், அது விளக்காய் எரிந்ததற்கும் இடையே கால் நூற்றாண்டுக்கு மேல் சென்றதைக் கவனிக்க வேண்டும். தனி மனிதர் ஒருவருடைய கிணறும் கடப்பாரையும் இதற்குப் போதா.

ஏனெனில் கரிப்படுகையின் கனம் 25 முதல் 90 அடி வரையிலும் இருக்க, அதன் மேலுள்ள மண்ணோ 150 முதல் 300 அடி வரை இருக்கிறது. அதைவிடத் தொல்லை தருவது ஜலம். கரிக்குக் கீழேயுள்ள மணலில் ஜலம் பெரும் அழுத்தத்துடன் அடைபட்டிருக்கிறது. மேலேயிருக்கும் மண்ணை எடுத்துவிட்டால், மூடியைத் தள்ளும் உலைநீர்போல் அது கரிப்படுகையையே உடைத்துக்கொண்டு பொங்கிவிடும். ஆகையால் இராப்பகலாய் இயந்திரங்களால் ஜலத்தை இறைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே கரியை வெட்டுகிறார்கள். ஒரு டன் கரிக்குப் பல டன் ஜலம் வெளியேறுகிறது. இறைத்ததில் ஒரு பகுதி பாசனத்திற்கும் விடப்படுகிறது என்பது உண்மையே. ஆயினும் முன்னாளில் தாமாகவே பொங்கி வழிந்த அப்பக்கத்து ஊற்றுக் கிணறுகள் வழிவது நின்றன. இதற்குச் சுரங்கமும் காரணம், குடியானவர்கள் வைத்த பம்புகளும் காரணம். நிலம் கொடுத்த கிராமத்தார்களின் மனத்தாங்கலும் தீர்ந்தபாடில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில், கால்வாய் வெட்டுவதற்காக நின்ற நெற்பயிரின் மீது இயந்திரங்கள் சென்றதைப் பத்திரிகைகளில் படித்தவர்கள் மறந்திரார்.

இப்பழுப்பு நிலக்கரி நெய்வேலியோடு நிற்கவில்லை. காவேரிப் பாசன ஜில்லாக்களின் நெல்வயல்களுக்கடியிலும் பரந்து கிடக்கிறது. 2020-ஆம் வருஷத்தில் தமிழ்நாட்டுச் சட்டசபை அப்பிரதேசத்தைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கியது. 2023 ஏப்ரலில், அப்பக்கத்து மூன்று வட்டாரங்களை மத்திய சர்க்கார் கரி ஏல ஜாபிதாவினின்றும் நீக்கியது. கரி பூமியிலிருப்பது வேறு. அதை எடுப்பது லாபகரமா என்பது வேறு. எடுத்த கரியை ஒருமுறைதான் எரிக்கலாம். தழை ஒரு மீட்டர் சேர ஆயிரம் வருஷமென்றும், நசுங்கிக் கரியாகையில் அது பல மடங்கு குறையுமென்றும் கொண்டால், 90 அடிப் படுகை உண்டாகத் தோராயமாய் ஒரு லக்ஷம் வருஷமாகும். நெய்வேலியில் 1962-இல் தொடங்கிய முதல் மின்சார நிலையம் 2020-இல் மூடப்பட்டது. அதன் ஆயுள் 60 வருஷமும் நிரம்பவில்லை.

உபயோகத்தைப்பற்றியும் சில வார்த்தைகள் கூறுவோம். நெய்வேலிக் கரியில் ஏறக்குறையப் பாதி ஜலம். வெட்டியெடுத்தபடியே எரித்தால் ஒரு கிலோவில் 2,500 முதல் 2,700 கிலோ கலோரி உஷ்ணம் கிடைக்கும். நன்றாய்க் காய்ந்த சவுக்கு விறகு இதைவிட அதிகச் சூடு தரும் என்றறிந்தால் பலர் வியப்படைவார்கள். கோண்ட்வானாக் கரிக்குச் சூடு அதிகம். ஆனால் ஆற்று மண் கலந்து உண்டானபடியால், பல சுரங்கங்களின் கரியில் மூன்றில் ஒரு பங்கு சாம்பலாய் மிஞ்சுகிறது. ஒரு காலத்தில் சென்னை வீடுகளில் லெக்கோ என்ற பெயரால் வழங்கிய உருண்டைக் கரி, நெய்வேலிக் கரியைச் சுட்டுப் புகை நீக்கி அச்சிட்டதாகும். சாயப்பட்டறையில் எந்தக் கரியை எரிப்பவராயினும் இரண்டு விஷயங்களை மறக்கலாகாது. பழுப்பு நிலக்கரியைக் குவித்து வைத்தால், காற்றுப் பட்டுத் தானே சூடேறித் தீப்பற்றும். ஆகவே பட்டு நூலும் பாவும் இருக்குமிடத்தில் அதைச் சேமித்தல் கூடாது. இரண்டாவது, கதவு ஜன்னல்களைச் சாத்திய அறையில் கரியடுப்பு எரிந்தால் கார்பன் மானாக்ஸைடு என்னும் விஷவாயு உண்டாகும். அதற்கு நிறமுமில்லை, நாற்றமுமில்லை. மழைக்காலத்தில் சாரலுக்கு அஞ்சிக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறவர் எழுந்திருக்கமாட்டார்.

இனி, கிணற்றில் கரிய பொருள் கண்டால் அதைப் பரீக்ஷிக்கும் விதம். களிமண்ணானால் காய்ந்ததும் சாம்பல் நிறமாகி வெடிக்கும், நனைத்தால் பசைபோல் ஒட்டும், நெருப்பிலிட்டால் ஓடாகும். கருங்கல்லானால் கனமாயிருக்கும், இரும்பால் அடித்தால் பொறி பறக்கும். கரிய மணல் காந்தத்தில் ஒட்டினால் அது இரும்புத்தாது. ஏடு ஏடாய்ப் பிரியும் கரிய களிப்பாறை சிறிது கனன்றாலும், எரிந்தபின் முன்னிருந்த பருமனிலேயே நிற்கும். அதில் கரி சொற்பம். உண்மையான பழுப்பு நிலக்கரி கையிலெடுத்தால் லேசாயிருக்கும்; வெள்ளை ஓட்டின்மேல் இழுத்தால் பழுப்புக் கோடு விழும்; சில துண்டுகளில் மரத்தின் ரேகையே தெரியும்; புகைந்து எரிந்து, கொஞ்சம் சாம்பலை மாத்திரம் விட்டுப் போகும்.

இவ்வளவு லக்ஷணமும் பொருந்தினாலும் மேற்கொண்டு வெட்டலாகாது. ஒரு சாண் கனமுள்ள படுகை சுரங்கமாகாது. 1957-ஆம் வருஷத்துச் சட்டப்படி, சொந்த நிலமாயினும் குத்தகை அனுமதியின்றிக் கனிப்பொருளை எடுத்தல் குற்றம். பொருள் எத்தனையாவது அடியில் கிடைத்தது, அதற்கு மேலும் கீழும் என்ன மண், ஜலம் எந்த ஆழத்தில் வந்தது என்பவைகளைக் கிணறு வெட்டும் ஆட்கள் மறந்துபோகுமுன் குறித்துக்கொள்ள வேண்டும். கைப்பிடியளவு மாதிரியை இறுக மூடும் டப்பாவில் வைப்பது அவசியம். ஈரம் போய்விட்டால் அது பொடிப்பொடியாய் உதிர்ந்து பரிசோதனைக்கு உதவாமற்போகும். அதன்மேல் கிராமத்தின் பெயர், சர்வே நம்பர், ஆழம், தேதி ஆகியவற்றை எழுதி, ஜில்லா கலெக்டர் காரியாலயத்திலுள்ள புவியியல், சுரங்க இலாகாவினரிடம் ஒப்புவிக்கலாம். அவர்களுடைய பதில் வரும்வரை அந்தக் கிணற்றின்பேரில் புதிய கடன் எதையும் பஞ்சாயத்தார் மஞ்சூர் செய்யாதிருப்பது நலம்.